பெயர் அறியா உயிர்க்குப் பட்ட கடன்

கொல்லாமை என்னும் பேரறத்தைக் கைக்கொண்டு ஒழுகும் இல்லறத்தார், தம் கண்முன் இயங்கும் உயிருக்குத் தீங்கு செய்யலாகாது என்பதை நன்கு அறிவர். எறும்பு ஊரும் தரையைப் பார்த்து நடப்பதும், பொழுது சாயுமுன் உண்டு முடிப்பதும், நீரை வடிகட்டிப் பருகுவதும் நம் குடும்பங்களில் வழிவழியாக வந்த ஒழுக்கங்கள் ஆகும். ஆயின் இங்கு ஒரு வினா எழுகின்றது. நாம் ஒருபோதும் காணாத, பெயரும் அறியாத, இவ்வுலகில் இருக்கின்றது என்றே எண்ணிப் பாராத ஓர் உயிருக்கு நம் செயலால் தீங்கு நேருமாயின், அத்தீங்கிற்கு நாம் பொறுப்பாவோமா? அறியாமல் செய்தது தீவினையாகுமா?

இது வெறும் வாதத்திற்காக எழுப்பப்படும் வினா அன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளியான ஒரு விலங்கியல் ஆய்வுக் கட்டுரை இவ்வினாவை நம் வீட்டு வாயிலிலேயே கொண்டுவந்து நிறுத்தியுள்ளது. பசிபிக் பெருங்கடலின் அடியாழத்தில் வாழும் சிற்றுயிர் ஒன்றை இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளரும் அவர்தம் துணைவரும் புதிய இனமெனக் கண்டு, அதற்கு 'யூரிதினீஸ் பிளாஸ்டிக்கஸ்' என்று பெயரிட்டனர். ஓர் உயிருக்கு ஏன் இப்படியொரு பெயர்? அதன் வரலாற்றை முதலில் காண்போம்.

ஆழத்தில் ஓர் உயிர்

மேலைப் பசிபிக்கில், மரியானா தீவுகளுக்கு அருகே, கடற்தரை பிளந்தாற்போல் ஒரு நெடிய பள்ளம் உள்ளது. அதுவே மரியானா அகழி. அதன் மிக ஆழ்ந்த இடம் ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழமுடையது. எவரெஸ்டு சிகரத்தை அதனுள் இறக்கினும், அதன் உச்சிக்கு மேல் இரண்டு கிலோமீட்டர் நீர் நிற்கும். 6,000 மீட்டருக்குக் கீழ் கதிரவன் ஒளி என்பதே கிடையாது. அங்கு நீர் உறைநிலைக்குச் சற்றே மேலான குளிரில் இருக்கும். 7,000 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் நாம் வாழும் நிலமட்டத்துக் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ எழுநூறு மடங்கு.

இவ்விடத்தே உயிர் வாழுமா என்று நாம் ஐயுறலாம். வாழ்கின்றது, அதுவும் கூட்டங் கூட்டமாக வாழ்கின்றது. அங்குள்ள உயிர்களுள் முதன்மையானவை 'ஆம்பிபாட்' எனப்படும் வகுப்பைச் சேர்ந்தவை. இவை நண்டுக்கும் இறாலுக்கும் சுற்றமான ஓடுடைய உயிர்கள். ஆயினும் நண்டுக்கு உள்ளது போல் மார்பை மூடும் ஒற்றை ஓடு இவற்றுக்கு இல்லை. உடல் இருபுறமும் நெருக்கித் தட்டையாக்கினாற்போல் ஒடுங்கி, வில்லென வளைந்திருக்கும். மார்பில் ஏழிணைக் கால்கள் உண்டு. முன்னிரண்டு இணைகள் பொருளைப் பற்றுவதற்கு உரியன. ஏனையவற்றுள் சில முன்னோக்கியும் சில பின்னோக்கியும் மடங்கும். இக்கால் வேறுபாடு பற்றியே கிரேக்கச் சொற்களால் இவ்வகுப்புக்குப் பெயர் அமைந்தது. இதுவரை பெயரிடப்பட்ட ஆம்பிபாட் இனங்கள் ஏறத்தாழப் பத்தாயிரம். கடற்கரை மணலில் தத்தித் திரியும் சிறு பூச்சி போன்ற உயிர்களும் இவ்வகுப்பினவே.

இவ்வுயிர்களின் தாய்மை குறிப்பிடத்தக்கது. தாய் தன் முட்டைகளைக் கடலில் சிதறவிடுவதில்லை. மார்பின் அடியில் உள்ள பையில் வைத்துக் காக்கின்றது. குஞ்சுகள் தாயின் உருவிலேயே சிறியனவாக அப்பையினின்றும் வெளிப்படுகின்றன.

ஆழ்கடல் ஆம்பிபாட்டுகள் பல, மேலிருந்து விழும் இறந்த மீன், திமிங்கிலம் முதலியவற்றின் உடலை உண்டு வாழ்வன. உணவு எப்போது விழும் என்பது அவற்றுக்குத் தெரியாது. ஆகவே நெடுநாள் பசித்திருக்கவும், கிடைத்தபோது வயிறு கொள்ளுமளவும் விரைந்து விழுங்கவும் அவற்றின் உடல் அமைந்துள்ளது. நாற்றத்தைக் கொண்டே இருளில் வழி கண்டு வந்து சேர்கின்றன. பின்னர் அவையே ஆழ்கடல் மீன்களுக்கு இரையாகின்றன. பேராழத்தின் உணவுச் சங்கிலியில் அவை நடுக்கண்ணி எனலாம்.

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் வகையால் ஓரறிவு முதலாகப் பகுக்குங்கால், நண்டினை நான்கறிவுடைய உயிர்களோடு வைத்துள்ளமை நம் வாசகர் அறிந்ததே. தொடுவுணர்வும் சுவையும் நாற்றமும் கண்ணும் உடைய இவ்வாம்பிபாட்டும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கதே. அது உணர்வற்ற ஒரு பொருளன்று. பசியும் அச்சமும் உடைய இயங்குயிர்.

இனம் காணும் முறை

ஓர் உயிரைப் பிடித்த அளவில் அது புதிய இனம் என்று கூறிவிட இயலாது. 'யூரிதினீஸ்' என்னும் பேரினத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1822ஆம் ஆண்டில் வடதுருவக் கடற்பகுதியினின்றும் கிடைத்த ஒன்றுக்கு, இலத்தீனில் சிள்வண்டைக் குறிக்கும் 'கிரில்லஸ்' என்னும் பெயரை வழங்கினர். அதன்பின் ஏறத்தாழ எந்தப் பெருங்கடலின் அடியில் இவ்வுருவமுடைய உயிர் கிடைத்தாலும், அதனைக் கிரில்லஸ் என்றே பலரும் எழுதி வந்தனர். உலகெங்கும் பரவிய ஒரே இனம் என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நம்பப்பட்டது.

1990களில் மரபணுக் குறிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது இந்நம்பிக்கை ஆட்டங் கண்டது. ஒரே தோற்றத்தினுள் பல தனி இனங்கள் மறைந்திருந்தமை பின்னர்த் தெளிவாயிற்று. 2015ஆம் ஆண்டில் அவற்றுட் சிலவற்றுக்குத் தனிப்பெயர் சூட்டப்பட்டது. தென்முனைக் கடலாழத்தைச் சேர்ந்த ஓரினத்துக்கு இட்ட பெயர் 'அந்தகாரே' என்பதாகும். பேரிருளைக் குறிக்க நாம் வழங்கும் 'அந்தகாரம்' என்னும் வடசொல்லே அது. ஒளி காணா உயிருக்கு எத்துணைப் பொருத்தமான பெயர்!

மரியானா அகழியில் நிகழ்ந்தது இது. 2014ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கப்பலிலிருந்து ஆளில்லாச் சட்டகங்களை எடை கட்டிக் கடலடிக்கு இறக்கினர். அவற்றில் மீனை இரையாக வைத்த பொறிகள் இருந்தன. சில மணி நேரம் கழிந்தபின் எடை கழற்றப்பட, சட்டகம் தானே மிதந்து மேலேறியது. 6,010 மீட்டருக்கும் 6,949 மீட்டருக்கும் இடைப்பட்ட ஆழங்களில் சிக்கிய ஆம்பிபாட்டுகளுள் சில, அறிந்த இனங்கள் எவற்றோடும் முற்றப் பொருந்தவில்லை.

பின்னர்த் தொடங்கியதே இனங்காணும் பணி. உணர்கொம்பின் கணுக்கள் எத்தனை, தாடையின் பற்கள் எவ்வாறு அமைந்தன, பற்றுகாலின் நுனி எவ்வடிவினது, காலடித் தட்டின் விளிம்பு வளைந்ததா நேரானதா, வால்நுனி எவ்வளவு பிளந்தது என ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே பிரித்து நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அளந்து, வரைதல் வேண்டும். முன்னர் எழுதப்பட்ட விளக்கங்கள் அனைத்தோடும் ஒப்பிடுதல் வேண்டும். மரபணுத் துண்டுகளைப் படித்து, உறுப்பு கூறும் முடிவை அவையும் ஏற்கின்றனவா என்று சோதித்தல் வேண்டும். இரண்டு சான்றுகளும் ஒன்றையே கூறிய பின்னர்தான் புதிய இனம் என்று எழுதினர். ஒரு தனி உடல், அப்பெயருக்கு என்றென்றும் உரிய அடையாள மாதிரியாகக் குறிக்கப்பட்டது. நாளை ஐயம் எழுமாயின், எவரும் அம்மாதிரியை எடுத்துப் பார்த்தே தீர்ப்புக் கூறுதல் வேண்டும். கடலில் பிடித்ததற்கும் பெயர் வெளியானதற்கும் இடையே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன.

பொருளை உள்ளவாறு அறிதலே நல்லறிவு என்று நம் சான்றோர் கூறுவர். இத்தகைய பொறுமை அந்நல்லறிவின்பாற்பட்டது என்பதில் ஐயமில்லை.

குடலில் கிடைத்த இழை

இவ்வாராய்ச்சியின் போது, புதிய இனத்தைச் சேர்ந்த இளம் உயிர் ஒன்றின் பின்குடலில் ஒரு மெல்லிய இழை காணப்பட்டது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரும் இல்லை. ஒளிக்கதிர்ச் சோதனையில் அது பாலிஎதிலீன் டெரிப்தாலேட் என்னும் பொருளோடு 83.74 விழுக்காடு ஒத்திருந்தது. சுருக்கமாகப் 'பெட்' எனப்படும் இப்பொருளே தண்ணீர்ப் புட்டியாகவும் பாலியெஸ்டர் ஆடையாகவும் நம் இல்லங்களில் உள்ளது. 1941ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் இதனை உருவாக்கி உரிமம் கோரினர். அதாவது 1941ஆம் ஆண்டுக்கு முன்னர் உலகில் எங்கும் இல்லாத ஒரு பொருள், மனிதன் பெயரே அறியாதிருந்த ஓர் உயிரின் வயிற்றினுள், அவ்வுயிரை அவன் அறிந்துகொள்வதற்கு முன்னரே சென்று சேர்ந்துவிட்டது.

அதனாலேயே ஆய்வாளர் அவ்வினத்துக்குப் 'பிளாஸ்டிக்கஸ்' என்று பெயரிட்டனர். கடலில் சேரும் பிளாஸ்டிக்கைத் தடுத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை அப்பெயர் எடுத்துக் கூறவேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். விலங்குப் பெயரிடும் விதிகளின்படி, முறையாக வழங்கிய பெயரை விரும்பியவாறு மாற்ற இயலாது. என்றேனும் கடல் தூய்மையுறினும், அவ்வுயிர் நாம் செய்த அழுக்கின் பெயரையே சுமந்து நிற்கும்.

இஃது எங்கோ நேர்ந்த ஒரு தற்செயல் என்று ஒதுக்கவும் வழியில்லை. 2019ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், பசிபிக்கைச் சூழ்ந்த ஆறு அகழிகளினின்றும், 7,000 மீட்டர் முதல் 10,890 மீட்டர் வரையுள்ள ஆழங்களில் பிடிக்கப்பட்ட 90 ஆம்பிபாட்டுகளை ஆராய்ந்தனர். அவற்றுள் 65இன் குடலில் செயற்கைத் துகளோ இழையோ இருந்தது. 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, பல பத்தாண்டுகளுக்கு முன்னரே பல நாடுகள் தடை செய்த நச்சு வேதிப்பொருள்கள் மரியானா அகழி ஆம்பிபாட்டுகளின் உடலில் மிகுந்திருத்தலைக் காட்டியது. சீனத்தில் மிகவும் மாசடைந்த ஆறுகளுள் ஒன்றின் நீர் பாயும் நெல்வயல் நண்டுகளில் உள்ளதைப் போல் ஐம்பது மடங்கு அவற்றில் இருந்தது.

அறிவதற்காகக் கொல்லலாமா?

இங்கு நம் வாசகர் உள்ளத்தில் முதற்கண் எழும் வினா வேறொன்றாக இருக்கக்கூடும். "இவ்வுயிர்களைப் பொறி வைத்துப் பிடித்துக் கொன்றதும் உயிர்க்கொலை அன்றோ? இரையாக வைத்த மீனும் ஓர் உயிர் அன்றோ?" இவ்வினாவை மழுப்பிச் செல்லுதல் நேர்மையாகாது.

ஆம், அது கொலையே. உயிர்க்குச் செய்யும் தீங்கினை நம் ஆன்றோர் நால்வகையாகப் பகுத்துக் காட்டுவர்: எண்ணித் துணிந்து செய்வது, இல்லற வினைகளில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. இவற்றுள் முதலாவதை இல்லறத்தானும் முற்றத் துறத்தல் வேண்டும் என்பது அணுவிரதத்தின் விதி. பொறி வைத்துப் பிடித்தல் எண்ணிச் செய்யும் செயலாதலின், நோன்பு ஏற்ற ஒருவர் அதனைச் செய்தல் இயலாது. பயன் பெரிது என்பதனால் கொலை கொல்லாமை ஆகிவிடாது. நன்மைக்காகச் செய்த வேள்விக் கொலையையும் நம் முன்னோர் ஏற்றிலர் என்பதை நினைத்தல் வேண்டும்.

ஆயினும் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். பேராழத்தினின்றும் மேலே வரும் உயிர், அழுத்தமும் வெம்மையும் மாறுபடுவதால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. நீருள் எடுத்த நிழற்படம் தாடைப் பல்லையும் காலடித் தட்டையும் காட்டாது. அம்மாதிரிகள் இல்லையேல், நம் கழிவு அங்குச் சென்றடைந்ததை எவரும் அறிந்திருக்கமாட்டார். சிலவற்றின் இறப்பால் வந்த அறிவு, எண்ணற்றவற்றின் துன்பத்தை வெளிப்படுத்தியது.

இவ்விரண்டினையும் ஒருங்கே மனத்தில் கொள்ளுதலே அநேகாந்த நோக்கு. ஆய்வாளரைப் பழித்து அமைதல் எளிது. அவர் பிடித்தவை எண்ணிக்கையில் அடங்குவன. எங்கே, எந்நாளில், எத்தனை என்று எழுதி வைக்கப்பட்டவை. மீண்டும் பிடிக்க வேண்டாதபடி பிற்காலத்தார் ஆய்வுக்கெனப் பாதுகாக்கப்பட்டவை. நம் வீட்டுக் கழிவுநீர் வழியே செல்லும் இழைகள் எந்த உயிரை எத்தனை அடைந்தன என்பதற்கோ கணக்கே கிடையாது. கணக்கு வைத்துச் செய்த தீங்கைக் கண்டிப்பவர், கணக்கின்றிச் செய்யும் தம் தீங்கை எண்ணாதிருத்தல் முறையாகுமா? அவ்வுயிர்கள் இறந்தன. அவற்றின் இறப்பால் வந்த செய்தியைக் கேட்ட பின்னும் நாம் மாறாதிருப்போமாயின், அவ்விறப்பு முழுதும் வீணாகும். அப்பழியில் நமக்கும் பங்கு வந்து சேரும்.

அறியாது செய்தது தீவினையாகுமா?

இனி நம் முதல் வினாவுக்கு வருவோம். இல்லறத்தார் கூறக்கூடிய மறுப்புகள் மூன்று.

முதலாவது: "நான் அவ்வுயிரைத் துன்புறுத்த எண்ணவே இல்லையே!" உண்மைதான். ஆனால் தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமிகள் கொலைக்கு வகுத்த இலக்கணத்தில் எண்ணம் மட்டுமே அளவுகோலாக நிற்கவில்லை. விழிப்பற்ற செயலால் உயிரின் பிராணனுக்கு இடையூறு செய்தலே தீங்கு என்பது அவர் கருத்து. அதற்குப் 'பிரமாதம்' என்று பெயர். பொன்னூர் மலையோடு நாம் இணைத்துப் போற்றும் குந்தகுந்தரும் பிரவசனசாரத்தில் இதனை விளக்கியுள்ளார். விழிப்போடு நடப்பவன் காலடியில் தற்செயலாக ஓர் உயிர் மாளினும், அதனால் மட்டும் அவனுக்கு வினை பிணிப்பதில்லை. விழிப்பின்றி நடப்பவனுக்கோ, உயிர் மாளினும் பிழைப்பினும் தீங்கு உறுதி.

இவ்வளவுகோலால் அளப்போம். 1941இல் அவ்விழையை ஆக்கியவர்க்கு அது கடலடிக்குச் செல்லும் என்று தெரிய வழியில்லை. அன்று அதனை வாங்கி உடுத்தவர்க்கும் தெரியாது. அவர்களைக் குற்றஞ்சாட்டுதல் அறமாகாது. ஆனால் இன்று அவ்வுயிருக்குப் பெயர் உண்டு. அதன் குடலில் கிடைத்தது இன்னது என்ற சான்றும் உண்டு. தெரிந்த பின்னும் முன்போலவே செய்வது அறியாமை அன்று, அதுவே பிரமாதம். ஓர் உயிரை இனங்கண்டு பெயரிட்டதால் விலங்கியலில் மட்டும் மாற்றம் நிகழவில்லை. நம் கடமையின் எல்லையும் அகன்றது.

இரண்டாவது: "ஆழத்தில் கிடைத்த அந்த இழை என்னுடையது என்று எவர் சொல்ல இயலும்?" எவரும் சொல்ல இயலாது. அதே காரணத்தால், அது தன்னுடையது அன்று என்றும் எவரும் சொல்ல இயலாது. 2016ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர் செய்த சோதனையில், செயற்கை நூல் ஆடைகளை ஆறு கிலோ அளவில் ஒருமுறை துவைத்தால், ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் வரை நீரில் உதிரக்கூடும் என்று கண்டனர். பலர் சேர்ந்து ஒரு சுமையை ஒருவன் தலையில் ஏற்றினால், என் கல் சிறியது என்று ஒவ்வொருவரும் கூறி விலகிவிட இயலுமா? சுமப்பவனுக்கு எல்லாக் கற்களும் சேர்ந்த எடைதானே எடை!

மூன்றாவது: "ஓர் இழையால் அவ்வுயிர் துன்புற்றது என்பதற்குச் சான்று உண்டா?" இது நேரிய மறுப்பு, இதற்கு நேரிய விடையே கூறுதல் வேண்டும். அவ்விழை அவ்வுயிரைக் கொன்றது என்று ஆய்வாளர் கூறவில்லை, நாமும் கூறலாகாது. இழை அங்கு இருந்தது என்பதே மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் உயிரைக் கொன்றால் மட்டுமே நோன்பு கெடும் என்று நம் மரபு கூறவில்லையே! கொல்லாமை நோன்பின் குற்றங்களாக ஐந்து எண்ணப்படுகின்றன: கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகைச்சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். இவை பெரும்பாலும் வீட்டு விலங்குகளை மனத்தில் வைத்துக் கூறப்பட்டவை. இருப்பினும் ஐந்தாவதைச் சிறிது எண்ணிப் பாருங்கள். நெடுநாள் பசித்திருந்து, கிடைத்ததை ஆராயாது விழுங்கும் ஓர் உயிருக்கு உணவல்லாததை உணவோடு கலந்து அனுப்புதல், அதன் உணவைத் தடுத்தலினின்றும் எவ்வளவு தொலைவில் நிற்கின்றது? தீங்கு மெய்ப்பிக்கப்படும் வரை காத்திருப்பேன் என்பது வழக்குமன்றத்தார் கூற்றாக இருக்கலாம். தீங்கு நேரக்கூடும் என்ற ஐயம் எழுந்த அளவிலேயே காலை எடுத்து வைக்குமுன் தரையைப் பார்ப்பவன் அன்றோ நோன்புடையவன்!

உள்ளே வரும் நீரும் வெளியே செல்லும் நீரும்

நம் இல்லங்களில் நீரை வடிகட்டும் ஒழுக்கத்தை மீண்டும் நினைவுகூர்வோம். நுண்ணோக்கி என்னும் கருவி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, கண்ணுக்குப் புலனாகாத உயிர்கள் நீரில் உண்டு என்று நம் ஆன்றோர் கூறினர். அவற்றின் பெயர் தெரியாது, உருவம் தெரியாது, இருந்தும் அவற்றுக்கெனத் துணியை மடித்துக் கட்டினர். அதனோடும் அமையவில்லை. துணியில் எஞ்சிய உயிர்களை அதே நீர்நிலையில் மீண்டும் கொண்டுபோய் விடுதலே முழுமையான ஒழுக்கம் என்றனர். பெயர் அறியா உயிர்க்கும் கடன் உண்டோ என்ற வினாவுக்கு நம் பாட்டிமார் கிணற்றடியிலேயே விடை கூறிவிட்டனர்!

அன்று வீட்டினின்றும் வெளியே சென்ற நீரில் சாம்பலும் சீயக்காய்த் தூளும் பருத்தி நூலின் நைந்த துகளும் இருந்தன. மண் அவற்றை ஏற்று மக்கச் செய்தது. ஆதலால் உள்ளே வரும் நீரை மட்டும் வடித்தால் போதுமாயிருந்தது. இன்று நிலை மாறிவிட்டது. வெளியே செல்லும் நீரில் மக்காத இழை செல்கின்றது. சாக்கடை வழியே ஆற்றுக்கும், ஆற்றின் வழியே கடலுக்கும் செல்லும் இழைகள் சிறிது சிறிதாக அடியில் தங்குகின்றன. அகழியோ நாற்புறமும் சரிந்து இறங்கும் குழி. அங்குச் சேர்ந்தது மீண்டு வருதல் அரிது. உள்ளே வரும் நீருக்குக் காட்டிய விழிப்பை வெளியே செல்லும் நீருக்கும் காட்டுதல் இன்றைய இல்லறத்தாரின் கடமை ஆகின்றது.

சமந்தபத்திரர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்திலும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பிலும் இல்லறத்தாரின் குணவிரதங்கள் கூறப்படுகின்றன. அவற்றுள் ஒன்று பயனில்லாத் தீங்கைத் துறத்தல். பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரை வீணாக்குதல், தீ மூட்டுதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியன விழிப்பற்ற ஒழுக்கம் என்று சமந்தபத்திரர் கடிந்துள்ளார். ஐந்து நிமிடம் நீர் பருகி எறியும் புட்டிக்கும், ஒரு விழாவுக்கு உடுத்தி மூலையில் போடும் பாலியெஸ்டர் ஆடைக்கும் இவ்விதி பொருந்தாதா? வாழ்வுக்கு வேண்டியதைச் செய்யுங்கால் நேரும் தீங்கு வேறு. வேண்டாததைச் செய்து விளைக்கும் தீங்கு வேறு. முன்னதைக் குறைக்கலாம், பின்னதை அடியோடு விடலாம்.

செய்யத்தக்கவை அரியன அல்ல. அன்றாட உடுப்புக்குப் பருத்தியைக் கொள்ளலாம். பட்டு இதற்கு மாற்றாகாது என்பதை நம் வாசகர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. செயற்கை நூல் ஆடை உள்ளதாயின், அதனைத் தேவைக்கு மேல் துவைக்காமல், கிழியும் வரை உடுத்தலாம். புதியதை வாங்குமுன், பொருள் வரையறை நோன்பை ஒருகணம் நினைக்கலாம். பயணத்துக்குச் செம்பிலோ எவர்சில்வர்க் குவளையிலோ நீர் கொண்டு செல்லலாம். கோயில் விழாக்களிலும் அன்னதானத்திலும் ஒருமுறை எறியும் பிளாஸ்டிக் பொருள்களை விலக்கி வாழையிலையும் தையல் இலையும் கொள்ளலாம்.

"அரசுகள் செய்ய வேண்டியதை நாம் செய்து என்ன பயன்?" என்று சிலர் கேட்பர். பிளாஸ்டிக் மாசினைத் தடுக்க உலக உடன்படிக்கை ஒன்று வேண்டும் என்று 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் நைரோபியில் நாடுகள் முடிவு செய்தன. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய பேச்சு உடன்பாடின்றிக் கலைந்தது. உடன்படிக்கை வேண்டியதே, ஆலைகளையும் வாணிபத்தையும் கட்டுப்படுத்த அதுவே வழி. ஆனால் நோன்பு எக்காலத்தும் அரசாணைக்காகக் காத்திருந்ததில்லை. இரவில் உண்ணாமையை நாம் எந்தச் சட்டத்தின் பேரில் மேற்கொண்டோம்?

முடிவாக ஒன்று. யூரிதினீஸ் பிளாஸ்டிக்கஸ் நம்மை அறியாது, இனியும் அறியப்போவதில்லை. அது நமக்கு நன்றி கூறாது. நம்மீது குறையும் கூறாது. கைம்மாறு எதிர்பார்த்துச் செய்யும் நன்மை உலகியல். கைம்மாறே இயலாத உயிரின்பால் காட்டும் இரக்கமே அருள். இருளில், குளிரில், எழுநூறு மடங்கு அழுத்தத்தின் கீழ், தன் குஞ்சுகளை மார்பின் பையில் வைத்துக் காக்கும் அவ்வுயிரும் நம்போல் வாழ விரும்பும் ஓர் ஜீவனே. அடுத்த முறை துணி துவைத்த நீரைக் கொட்டுமுன், அது எங்கே செல்கின்றது என்று ஒருகணம் எண்ணுவோம். அவ்வெண்ணத்தில் தொடங்கும் விழிப்பே அவ்வுயிர்க்கு நாம் பட்ட கடனின் முதல் தவணை ஆகும்.